பிரைமர் அடித்த காகிதம்

“விட்டுடாதீங்க.”

“விடமாட்டேன்.”

“நிஜமா புடிச்சிருக்கீங்களா? கை இருக்கா பின்னாடி?”

“ரெண்டு கையும் இருக்கு. நீ முன்னாடி பாரு பாப்பா.”

“நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது.”

“நீ சொல்ற வரைக்கும் விடமாட்டேன். போதுமா? மிதி.”

பாப்பாவின் மகளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த காலம். மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் காலி மைதானத்தில் பாப்பா சைக்கிள் பழகிய முதல் நாள் பேச்சு அது. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவள் கணவர்.

அவர் வாக்குத் தவறாதவர். அன்று விடவில்லை. மறுநாளும் விடவில்லை. சட்டை நனைய, மூச்சு வாங்க, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். மற்ற வீடுகளில் பிடித்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு நைசாகக் கையை எடுத்துவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சைக்கிள் பழகியிருக்கிறார்கள். இவருக்கு அந்தத் திருட்டுத்தனம் வரவில்லை. “இப்ப விடுங்க” என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாப்பாவுக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியில் சைக்கிள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போனது. நான்தான் இருக்கேனே, நான் கொண்டு விடறேன் என்றார் அவர். இன்றைக்கும் அவர்தான் கொண்டு விடுகிறார், பைக்கில் முன்னால் பெயின்ட் வாளியும் பின்னால் பாப்பாவுமாக.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த மைதானம் அவளுக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தூரிகையிலிருந்து இறங்கிய பழுப்பு நிறம் காகிதத்தில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தது.

பாப்பா ஒரு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் உருண்டது.

ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற பெண்மணியைப் பாப்பா என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம் என்று அவள் மகளே கேட்டிருக்கிறாள். பிறந்த வீட்டில் கடைசிக் குழந்தை என்பதால் வந்த பெயர், கல்யாணத்தின்போது பெட்டியோடு கூடவே வந்து இறங்கிவிட்டது. மருத்துவமனையின் மருந்தகத்தில் அவள்தான் தலைமை. அங்கே எல்லோரும் மேடம் என்றுதான் அழைப்பார்கள். சாயங்காலம் வெளிக் கதவைத் தாண்டி பைக்கில் உட்கார்ந்ததும் மறுபடியும் பாப்பா ஆகிவிடுவாள்.

நூலக மாடியில் நடக்கும் வாட்டர் கலர் வகுப்பில் அவள் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சொல்லித் தருகிற ஆசிரியைக்கு வகுப்பில் வைத்திருக்கும் பெயர் ‘காயட்டும் மிஸ்’. எதைக் கேட்டாலும், “முதல்ல அது காயட்டும்” என்பார். அந்த அம்மாளின் வாயில் பாராட்டு வருவது அபூர்வம், திட்டும் அபூர்வம்.

அந்த மிஸ் இன்று மாலை ஆரம்ப வகுப்புக்காரர்களின் படங்களை நூலகக் கூடத்தில் மாட்டப் போகிறார். ஆளுக்கு ஒரு படம். நல்லா இருக்கணும்னு அவசியம் இல்ல, உங்க கை மட்டும் பட்டதா இருக்கணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

சிரிப்பின் காரணம் போன வாரம் நடந்த கூத்து.

வாட்டர் கலரில் வெள்ளை நிறம் கிடையாது. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே நிறம் போடாமல் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். பாப்பா வரைந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பொருளை. மருந்து ஊற்றி வைக்கும் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் மூன்று. ஒவ்வொரு புட்டியின் தோளிலும் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தை நகத்தளவுக்கு வெள்ளையாக விட்டிருந்தாள். அந்த மூன்று வெள்ளைக்காக ஒரு முழு மாலை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவர் ஊரில் பேர்பெற்ற பெயின்டிங் காண்ட்ராக்டர். வீட்டுச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், மண்டபச் சுவர் எதுவானாலும் அவர் ஆட்கள் முடித்துவிட்டுப் போன பிறகு அவர் ஒரு முறை சுற்றி வருவார். எங்காவது விட்டுப் போயிருந்தால் தன் கையாலேயே ஒரு தொடல் தொட்டுவிட்டுத்தான் மறுவேலை. அன்றும் படத்தைச் சுற்றி வந்தார். மூன்று இடம் விட்டுப் போயிருந்தது. தொட்டுவிட்டார்.

காயட்டும் மிஸ் அந்தப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இந்த மூணு இடத்துல வேற கை இருக்கே என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்று பாப்பா சொன்னபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆக, பெரிய பருத்திக் காகிதம் ஒன்றை நாலாக வெட்டியதில் இரண்டாவது துண்டு அப்படிப் போனது. முதல் துண்டை அவளே தேய்த்துத் தேய்த்துச் சாக்கடைத் தண்ணீர் ஆக்கியிருந்தாள். மூன்றாவதில் ஓரத்து டேப்பை ஈரத்தோடு உரித்து, காகிதத்தையும் சேர்த்து உரித்துவிட்டாள். மிச்சம் இருந்த நாலாவதை நேற்று பலகையில் ஒட்டி, ஜன்னலோரம் தயாராக வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

அந்த நாலாவதுதான் இப்போது தண்ணீரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

“எப்படி இருக்கு?” என்றபடி காண்ட்ராக்டர் டீக் கோப்பையோடு உள்ளே வந்தார். பிறந்தநாள் பரிசைப் பிரிப்பதைப் பார்க்கக் காத்திருப்பவரைப் போல முகம்.

“என்ன பண்ணீங்க?”

“காகிதம் சொரசொரன்னு இருந்துச்சு பாப்பா. அதான் விடியக்காலையிலயே எழுந்து பிரைமர் அடிச்சேன். ரெண்டு கோட். நடுவுல எமெரித் தாள் போட்டு வேற தேய்ச்சேன். தடவிப் பாரு, குழந்தை கன்னம் மாதிரி இருக்கும்.”

பாப்பா தடவிப் பார்க்கவில்லை. “அந்தச் சொரசொரப்புக்காகத்தாங்க இந்தக் காகிதத்தை வாங்கினதே.”

“பிரைமர் இல்லாத செவுத்துல பெயின்ட் நிக்காது.”

“இது செவுரு இல்ல.”

“எதுவா இருந்தா என்ன, அடிப்படை ஒண்ணுதானே?”

மருந்தகத்தின் கவுன்டரில் ஒரே மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒருவருக்கே நாலு தடவை குரலை உயர்த்தாமல் சொல்லக்கூடியவள் அவள். அந்தப் பொறுமையை வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவர முயன்றாள். இந்தக் காகிதம் தண்ணீரைக் குடிக்க வேண்டும், குடித்தால்தான் நிறம் உள்ளே இறங்கும், இறங்கினால்தான் அது வாட்டர் கலர் என்று எடுத்துச் சொன்னாள்.

அவர் முழுக்கக் கேட்டார். கவனமாகத்தான் கேட்டார். “தண்ணி குடிச்சா ஓதம் வரும் பாப்பா” என்றார்.

“ஓதம் வரணுங்க. ஓதம் வர்றதுதான் இந்தப் படிப்பே.”

வாழ்நாள் முழுக்கச் சுவரில் ஈரம் ஏறி ஓதம் வராமல் பார்த்துக்கொண்ட மனிதருக்கு அது காதில் ஏறவில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல் பார்த்தார்.

சத்தம் கேட்டு மகள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பிசியோதெரபி படித்து முடித்து, வயதானவர்களைக் கை காலை மடக்கி நீட்ட வைக்கும் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. பலகையைக் கையில் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். பழுப்பு முத்து ஓடிப்போய் மூலையில் நின்றது.

“நடுவுல ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்கப்பா. விளையாட்டுச் சாமானா வித்துடலாம்.”

காண்ட்ராக்டரின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கோபப்பட வேண்டிய நேரத்தில் இந்த மனிதர் இப்படி முகத்தை வைத்துக்கொண்டால் எங்கே போய்க் கோபப்படுவது?

அவர் சும்மா நிற்கிற ஆளும் இல்லை. ஏறின பிரைமரை இறக்கத் தெரியாதா எனக்கு என்று சட்டைப் பையிலிருந்து எமெரித் தாளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் சட்டைப் பையில் எமெரித் தாள் இருக்கும். பாப்பா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். மேசையெல்லாம் வெள்ளைத் தூசி. கொஞ்ச நேரத்தில் மகள் கேட்ட ஓட்டையும் நடுவில் விழுந்தது.

மூவரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அரை மணியில புதுசு வாங்கிட்டு வந்துர்றேன்” என்று காண்ட்ராக்டர் பைக் சாவியை எடுத்தார். “நீ ஒண்ணுத்துக்கும் கவலைப்படாத.”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கவலைப்பட ஏதோ ஒன்று புதிதாகக் கிடைத்திருக்கிறது.

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் வாலு வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். பாப்பா பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

“அம்மா. நாளைக்குப் பதில் சொல்லணும்.”

பாப்பா குழாயை மூடினாள். காகிதக் கவலையில் இந்தக் கவலை சற்று நேரம் ஒதுங்கி நின்றிருந்தது. விபத்தில் அடிபட்டவர்களை நடக்கப் பழக்கும் பெரிய மறுவாழ்வு மையம் ஒன்றில் வாலுவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஓர் இரவு ரயில் பயணம். தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டும். மகள் பல நாள் கனவு கண்ட வேலை. வேலை கிடைத்த சேதி பாப்பாவுக்குத் தெரியும். காண்ட்ராக்டருக்குத் தெரியாது.

அவர் வேறு ஏற்பாட்டில் இருந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்குக்கு வெள்ளையடித்த கையோடு அந்த டாக்டரிடம் மகளுக்கு ஒரு வேலைக்குப் பேசி வைத்திருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தே சாப்பிட்டுக்கொள்ளலாமாம். மழை வந்தால் அவரே குடை கொண்டு போவாராம்.

“உனக்காவது காகிதத்துக்குத்தான் பிரைமர் அடிச்சார்” என்றாள் வாலு. “எனக்கு மொத்தமா அடிச்சு, எமெரி போட்டு, காயவே வச்சுட்டார்.”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். உன் விஷயத்தை நீயே போய்ச் சொல்லேன் என்றாள். நான் சொன்னா உடனே கண்ணு கலங்கும், அதுக்கப்புறம் நான் எங்க போறது என்றாள் மகள்.

“நீ சொன்னா கேப்பாரும்மா.”

“என்னைக்குடி நான் சொன்னதைக் கேட்டிருக்கார்?”

வாலு மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். “நீ என்னைக்கும்மா சொல்லியிருக்க?”

கோப்பை கையில் அப்படியே நின்றது. வாலு எதையும் குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. முழங்கை மடங்கவில்லை என்று நோயாளி சொன்னால், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கேட்பாளே, அந்த மாதிரிதான் கேட்டாள்.

பாப்பா யோசித்துப் பார்த்தாள். புலம்பியிருக்கிறாள், நிறைய. தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். தையல் பழகியபோது அவள் பாதி தைத்த துணியை அவர் கொண்டுபோய்த் தையல்காரரிடம் கொடுத்து முடித்து வாங்கி வந்தார். அன்று முழுக்கப் பேசாமல் இருந்தாள். ஆனால் இது வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக ஞாபகமே இல்லை. எப்படிச் சொல்வது? அடிக்கிற மனிதரா, குடிக்கிற மனிதரா? உதவி செய்கிறார். உதவி செய்கிறவரைப் போய் என்னவென்று குற்றம் சொல்வது? வெளியே சொன்னால் கேட்பவர்கள் கொடுத்து வைத்தவள் என்பார்கள்.

“முதல்ல ஒரு காகிதத்துலேருந்து அவர் கையை எடுக்க வைக்கிறேன்” என்றாள். “அது முடியலைன்னா உன் ரயிலைப் பத்தி நான் வாயே திறக்க முடியாது.”

“அப்போ என் வேலை உன் புட்டியில இருக்கு.”

“ஆமா. போய்க் குளி.”

காயட்டும் மிஸ்ஸுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் போல. பிறகு, முதல்ல கெட்டுப்போன படத்தைத் தூக்கிப் போட்டுட்டீங்களா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அப்போ அதுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்குமே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாக்கடைத் தண்ணீர்ப் படம் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பாப்பா அதைத் திருப்பிப் போட்டாள். லேசாக அலையடித்திருந்தது, ஆனாலும் சொரசொரப்பு இருந்தது. விரலை நனைத்து ஓரத்தில் வைத்தாள். காகிதம் சட்டென்று குடித்தது. அப்பாடா என்று இருந்தது.

மத்தியானம் வரை அவர் வரவில்லை. அரை மணி என்றால் அவருக்கு அரை நாள். முதல் தடவையாக அதற்காக அவள் சந்தோஷப்பட்டாள்.

பலகையில் காகிதத்தை ஒட்டி, மேல் விளிம்புக்குக் கீழே தடிமனான மருந்துகள் கையேட்டை வைத்துச் சாய்த்தாள். பலகை சாய்ந்திருந்தால்தான் நிறம் மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கி வரும். அடியில் சேரும் சொட்டைத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வகுப்பில் இந்த ஒன்றைப் பழகுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. மருந்தகத்துக் கை என்பதால் ஆரம்பத்தில் தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயில் அளந்துதான் கலப்பாள். வகுப்பில் அதற்கும் சிரித்தார்கள். இன்று அந்தக் குழாயை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

மூன்று புட்டிகளும் ஜன்னல் விளிம்பில் நின்றன. முதலில் வெளிறிய பழுப்பு. தோளில் நகத்தளவு வெள்ளையை விட்டுச் சுற்றிப் போனாள். காயட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தொடாமல் இருப்பதுதான் இந்தக் கலையிலேயே சிரமமான பாடம். தொட்டால் கெடும் என்று தெரிந்தும் கை போகும். அவளுக்கே அப்படி என்றால் அந்த மனிதரைச் சொல்லி என்ன பயன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை உடனே விரட்டினாள். இரக்கப்படுகிற நாள் இல்லை இது.

இரண்டாவது நிறம் போட்டாள். நடுப் புட்டி கொஞ்சம் கோணிக்கொண்டு, பக்கத்துப் புட்டியிடம் ரகசியம் கேட்பதுபோல் வந்தது. திருத்தலாமா என்று பார்த்தாள். இருக்கட்டும் என்று விட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

கடைசியாகப் பின்னணி. வெளிர் நீலம், மேலிருந்து கீழ் வரை ஒரே மூச்சில். நடுவில் நிறுத்தக் கூடாது. பாப்பா நிறுத்தவில்லை. நீலம் ஒரே சீராக இறங்கி வந்து அடியில் சொட்டாகத் திரண்டு நின்றது. அதை ஒற்றி எடுக்கத் தூரிகையைப் பிழியப் போனபோது உள்ளறையில் போன் அடித்தது. மருந்தகத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து வருகிற அழைப்பை எடுக்காமல் இருக்க முடியாது. குளிர்ப்பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டார்கள். சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

அந்த இடைவெளி போதுமாக இருந்திருக்கிறது.

காண்ட்ராக்டர் மேசையருகில் குனிந்து நின்றார். கையில் ரசமட்டம். மருந்துகள் கையேடு நாற்காலியில் கிடந்தது. பலகை மேசையோடு மேசையாக மட்டமாகப் படுத்திருந்தது. ரசமட்டத்தின் நீர்க்குமிழி அச்சுப் பிசகாமல் நடுவில் நின்றது.

“நல்ல வேளை வந்தேன் பாப்பா. பலகை ஒரு பக்கமா சாஞ்சு கிடந்துச்சு. பெயின்ட் எல்லாம் கீழ ஒழுகுது. இப்ப பாரு, மட்டம்.”

பாப்பா பார்த்தாள். அடியில் திரண்டிருந்த சொட்டுக்கு இப்போது இறங்க வழியில்லை. பாதி காய்ந்திருந்த நீலத்துக்குள் அது திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. ஏறின இடமெல்லாம் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, சுருள் சுருளாக விரிந்து, நடுப் புட்டியின் தலைக்கு மேல் முட்டைக்கோஸ் மாதிரி ஒன்று பூத்தது.



அவர் பேசிக்கொண்டே போனார். மூன்று கடை ஏறி இறங்கினாராம். எல்லாக் கடையிலும் சொரசொரப்பா இருக்கணும் என்று கேட்டுத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாராம். சுருட்டி வைத்திருந்த காகிதத்தை விரித்தார். அதே பருத்திக் காகிதம். தப்பே சொல்ல முடியாது. அதன் நடுவில் பென்சிலால் மூன்று புட்டிகள் வரைந்திருந்தார். அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். ஒரே உயரம், ஒரே இடைவெளி, அணிவகுப்புக்கு நிற்கிற போலீஸ்காரர்கள் போல.

“நேரம் இல்லல்ல. அதான் கடையிலயே உக்காந்து கோடு போட்டே கொண்டாந்துட்டேன். நீ உள்ள நிறத்தை மட்டும் ரொப்பினா முடிஞ்சது.”

ஒரு வழியாகக் குளித்துவிட்டுத் துண்டு சுற்றிய தலையோடு வாலு அறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வழக்கமாக வரும் கிண்டல் இந்தத் தடவை வரவில்லை.

புதுக் காகிதம் வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டால் மாலைக்குள் ஒரு படம் ஆகிவிடும். கூடத்தில் மாட்டலாம். காயட்டும் மிஸ் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார். பழைய காகிதத்தில் கோணல் புட்டியும், முட்டைக்கோஸும், எப்படியோ தப்பித்த மூன்று வெள்ளைப் பொட்டுகளும் இருந்தன.

மனைவியின் பார்வை போன திசையைக் காண்ட்ராக்டரும் கவனித்தார். முட்டைக்கோஸ் அவர் கண்ணிலும் பட்டது. அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் உடனே கை வேலை செய்யும். தோளில் கிடந்த துணியை எடுத்து நாலாக மடித்தார்.

“இது ஒண்ணும் இல்ல. ஈரம் காயறதுக்குள்ள ஒத்தி எடுத்தா இருந்த இடமே தெரியாது. நீ தள்ளு.”

பாப்பா தள்ளவில்லை. துணியோடு இறங்கிய கையை, மணிக்கட்டில் பிடித்தாள்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் கை பிடித்ததெல்லாம் அவர்தான். அவள் பிடித்ததில்லை.

“அந்தத் தொழிற்சாலை மைதானம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?” என்று கேட்டாள். “சைக்கிள் பழகினோமே.”

“இல்லாம என்ன? கேரியர் குத்திக் குத்திக் கையெல்லாம் காப்புக் காச்சுப் போச்சே.”

“நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாதுன்னு சொன்னேன்.”

“விட்டேனா?” என்றார் காண்ட்ராக்டர். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் இந்த மனிதர் அந்த மைதானத்திலேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறார். சட்டை நனைய, மூச்சு வாங்க. போதும் என்று சொல்ல வேண்டியவள் மேலே உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவே இல்லை.

“இல்ல. நீங்க விடல. நான்தான் சொல்லாமலே இருந்துட்டேன்.”

அவர் துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாசலில் நிற்கும் மகளைப் பார்த்தார். ஏதோ தன் கையை மீறி நடக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“அது கெட்டுப் போயிடும் பாப்பா” என்றார் மெதுவாக.

“கெடட்டும். இதை நானே கெடுத்துக்கறேங்க. கெடுத்து, கொண்டுபோய் மாட்டி, எல்லாரும் சிரிச்சாலும் நின்னு பாத்துட்டு வர்றேன்.” பாப்பா அவர் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. “இப்ப சொல்றேன், கேட்டுக்கோங்க. விட்டுடுங்க.”